ஆறு மாதமும் இரண்டு கதவும்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில் திருவாண்டார்கோயிலின் தெருக்களில் நடந்து செல்பவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். திண்ணையிலோ கூடத்திலோ தாள்கள் பரப்பிக் கிடக்கும். சென்டாக் விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் குறிப்பது, எந்தக் கல்லூரியை அடுத்து வைப்பது என்று ஒரு குடும்பமே கூடி அமர்ந்து, எழுதியதை அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கும். மாலையில் முடிவான வரிசை, இரவில் உறவினர் ஒருவர் தொலைபேசியில் பேசியதும் கலைந்துபோகும். இடம் கிடைத்த பிறகாவது அந்த வீட்டில் அமைதி வருமா என்றால், அதுவும் பல வேளைகளில் வருவதில்லை. "அதை எடுத்திருக்கலாமோ?" என்ற கேள்வி பிள்ளையோடு கல்லூரி வரை போகிறது.

ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தகப்பன் செய்த தொழிலே தொழில். அதை மீறியவருக்குத் திண்டிவனமும் விழுப்புரமும் புதுவையும்தான் உலகத்தின் எல்லைகள். இன்று கதவுகள் பல திறந்திருக்கின்றன. அதற்காக நாம் மகிழ வேண்டும். ஆனால் கதவுகள் பெருகப் பெருக மகிழ்ச்சியும் பெருகியிருக்கிறதா? வாய்ப்புகள் கூடுவதே விடுதலை என்றால், வாய்ப்புகளின் நடுவே நிற்கும் மனிதன் ஏன் இவ்வளவு கலங்கி நிற்கிறான்?

இக்கேள்விக்கு விடை தேடி நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. நம்முடைய இந்த மண்ணே ஒரு காலத்தில் தன் மக்களை அழைத்து, "நீ யார் என்பதை நீயே தேர்ந்துகொள்" என்று சொன்னது. ஒருமுறை அல்ல, மும்முறை சொன்னது. அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது, இன்றைய திண்ணைக் கலக்கத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

துண்டுபட்ட நிலம்

புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் ஏறுங்கள். வில்லியனூர், அரியூர் எனப் புதுவை மாநிலத்து ஊர்கள் வரும். பிறகு கண்டமங்கலம், அது தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, திருவாண்டார்கோயில், மீண்டும் புதுவை. அரை மணி நேரப் பயணத்தில் இருமுறை மாநிலம் மாறிவிடுகிறது. வயலுக்கும் வயலுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு ஓடுகிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போர் செய்து, பிடித்து, இழந்து, இறுதியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கையால் பிரித்துக்கொண்ட நிலம் இது. திருஞானசம்பந்தர் பாடிய வடுகூர்த் தலம் இந்தக் கோடுகளுக்கெல்லாம் பல நூற்றாண்டு மூத்தது. கோட்டுக்கு இருபுறமும் ஒரே மொழி, ஒரே உழவு, பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோட்டைத் தாண்டித்தான். எனினும் சட்டத்தின் கண்ணில் ஒருபுறத்தார் ஆங்கிலேய அரசின் குடிகள். மறுபுறத்தார் பிரெஞ்சு நாட்டின் குடிகள்.

இந்தக் கோட்டை வரைந்தபோது யாரும் மக்களைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் பிறகுதான் வந்தது.

முதல் கேள்வி: எந்தச் சட்டம்? எந்தப் பெயர்?

பிரெஞ்சிந்தியாவில் வாழ்ந்த தமிழர்களுக்குத் திருமணம், தத்து, சொத்துரிமை ஆகியவற்றில் அவரவர் மரபு வழக்கங்களே சட்டமாக இருந்தன. 1819ஆம் ஆண்டு ஆணை அதற்கு உறுதியளித்திருந்தது. மரபைக் காத்த அந்த உறுதி, மரபோடு சேர்ந்து வந்த சாதித் தளைகளையும் காத்தது.

1873இல் புதுவையில் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். உள்நாட்டவர் அவ்வாறு வருவது முறையல்ல என்று அவர் தடுக்கப்பட்டார். அவர் அடங்கிப் போகவில்லை. பாரிஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். ஒரு சோடிக் காலணிக்காக அல்ல. தன் கால்களில் எதை அணிவது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமைக்காக அவர் வழக்காடினார்.

1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை ஒன்று வந்தது. இருபத்தொரு வயது நிறைந்த ஆணும் பெண்ணும், எந்தச் சாதியினராயினும் எந்தச் சமயத்தினராயினும், தம் மரபுச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்று அது அறிவித்தது. அவ்வாறு துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். துறப்பவர் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பொன்னுத்தம்பி தெரிந்தெடுத்த பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் கதவு. இன்றும் புதுவைக் குடும்பங்கள் பலவற்றின் பிரெஞ்சுப் பெயர்களுக்குப் பின்னால் அந்நாளைய ஒரு கையொப்பம் இருக்கிறது. துறந்தோரில் கிறிஸ்தவர்களும், சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டிருந்தோரும் கணிசமாக இருந்தனர். சைகோனில் அரசுப் பணிக்குச் சென்றவர்களுக்கு ஐரோப்பியருக்கு நிகரான ஊதியமும் மதிப்பும் கோர அக்கையொப்பம் கைகொடுத்தது.

அந்த ஆணையில் நம் பொருளுக்கு முதன்மையான செய்தி ஒன்று உண்டு. துறப்பு இறுதியானது; திரும்பப் பெற முடியாதது என்று அது தெளிவாகக் கூறியது. உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அந்தக் கண்டிப்பு கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு வேறொரு பக்கமும் உண்டு. கையொப்பமிட்ட மறுநாள் காலையில் அந்த மனிதர் எழுந்தபோது, அவர் முன் இருந்தது கேள்வி அல்ல. புதிய பெயரோடு வாழ வேண்டிய ஒரு வாழ்க்கை.

இரண்டாம் கேள்வி: கீழூரில் நூற்று எழுபத்தெட்டுப் பேர்

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. புதுவைக்கு விடுதலை வரவில்லை. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை அவற்றின் மக்களே முடிவு செய்வார்கள் என்று 1948 சூனில் இரு அரசுகளும் உடன்பட்டன. 1949இல் வங்காளத்தின் சந்திரநாகூர் மக்கள் நேரடியாக வாக்களித்து, மிகப் பெரும்பான்மையாக இந்தியாவோடு இணைந்தனர். தெற்கே அவ்வாறு நடக்கவில்லை. போராட்டங்களும் அடக்குமுறைகளும் தொடர்ந்தன. 1954 மார்ச்சு இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. கிராமப்புறக் கொம்யூன்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின.

1954 அக்டோபர் 18ஆம் நாள், திருவாண்டார்கோயிலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கீழூர் என்ற சிற்றூரில், சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினர். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள்; எதிராக 8. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த இடத்தில் இன்று நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது.

மக்கள் சார்பாக அவர்கள் தேர்ந்தவர்கள் வாக்களித்தனர். உழவரும் நெசவாளரும் அன்று தனித்தனியே கேட்கப்படவில்லை. ஒரு நாட்டின் எதிர்காலத்தைச் சில பேர் முடிவு செய்வது முறைதானா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. ஆனால் மறுநாள் அவரவர் ஏர் அவரவர் வயலில் ஓடியது. தெரிவின் சுமை ஒவ்வொரு தலையிலும் தனியாக ஏறும் நாள் இனிமேல்தான் வர இருந்தது.

மூன்றாம் கேள்வி: நீ எந்த நாட்டான்?

நிலம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஆனால் நிலத்தின் மேல் நின்ற மனிதர்கள் சட்டப்படி பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தனர். 1956 மே 28இல் புதுதில்லியில் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்சின் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது 1962இல், அல்சீரியப் போர் முடிந்த பிறகுதான். அவ்வாண்டு ஆகசுட்டு 16ஆம் நாள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அதன் குடியுரிமைப் பிரிவுகளை நிதானமாகப் படித்தால் ஒரு மனித நாடகமே கண்முன் விரியும். இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் யாவரும் அன்றுமுதல் இந்தியக் குடிமக்கள் ஆவர். ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுத்து வழியாக அறிவித்தால், தம் பிரெஞ்சுக் குடியுரிமையை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அறிவித்தவர், இந்தியக் குடியுரிமையை ஒருபோதும் பெறாதவராகவே கருதப்படுவார். மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் தந்தையின் அறிவிப்பே அறிவிப்பு. கணவனின் முடிவு மனைவியைக் கட்டுப்படுத்தாது. அவளுடைய கையொப்பம் அவளுடையது. தந்தையின் முடிவால் பிரெஞ்சுக் குடிமகனாகத் தொடர்ந்த பிள்ளை, பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் இந்தியக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். தந்தையின் மௌனத்தால் இந்தியனான பிள்ளைக்கு எதிர்த்திசையில் அத்தகைய கதவு வைக்கப்படவில்லை.

1962 ஆகசுட்டு நடுவிலிருந்து 1963 பிப்ரவரி நடு வரை: ஒரு நாற்று நட்டு அறுவடையாகி, களத்தில் நெல் காயும் காலம். அந்தக் காலத்துக்குள் ஒரு மனிதன் தன் நாட்டைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

அன்றைய குடும்பத் தலைவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற 'சொல்தா' என்றால் அவர் கணக்கு ஒருவகை: பிரெஞ்சு அரசோடு உள்ள தொடர்பு, பிள்ளைகளின் படிப்பு, சைகோனிலோ பாரிஸிலோ இருக்கும் அண்ணன். இரண்டு காணி நிலம் உழுபவர் என்றால் அவர் கணக்கு வேறு: நிலம் இங்கே, சம்பந்தி கோட்டுக்கு அப்பால் தமிழ்நாட்டில், மகனுக்கு வேலை கிடைத்தால் இந்திய அரசில்தான். பிறந்த மண்ணில் அயல்நாட்டானாக வாழ்வது எப்படி என்ற அச்சம் ஒருபுறம். விடுதலைக்காகச் சிறை சென்றவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம் மறுபுறம். பலருக்கோ இப்படி ஒரு தெரிவு இருப்பதே தெரியவில்லை, தெரிந்தவர்களிலும் பலர், "நமக்கு எதற்கு அது?" என்று ஏரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டனர். கையொப்பமிடாமல் இருப்பதும் ஒரு கையொப்பமே என்று அன்று பலரும் உணரவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. ஏறத்தாழ ஐந்தாயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக அறிவித்திருந்தனர். எஞ்சிய இலட்சக்கணக்கானோர் இந்தியர் ஆயினர். கதவு மூடிக்கொண்டது.

மூடிய கதவின் பின்னே

மூடிய பிறகு நடந்ததுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டின் மதிப்பு உயர்ந்தது. ஒரே தெருவில் அருகருகே இரண்டு வீடுகள். ஒன்றில் பிள்ளைகள் பிரான்சுக்குச் சென்றனர், பணம் வந்தது, மாடி எழுந்தது. மற்றதில் அதே ஓட்டுக் கூரை. "உன் தாத்தா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால்!" என்ற பெருமூச்சு பல வீடுகளில் பரம்பரைச் சொத்துப்போல் இறங்கி வந்தது. பிறப்புப் பதிவேடுகள் தூசு தட்டப்பட்டன. ஒப்பந்தம் இப்பகுதிகளில் பிறந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசியதால், பெற்றோர் பணி செய்த இந்தோசீனாவில் பிறந்தவர் நிலை என்ன என்பன போன்ற நுட்பங்கள் பிரெஞ்சு நீதிமன்றங்கள் வரை சென்றன. 1963இல் மூடிய கதவைப் பலர் பல பத்தாண்டுகள் தட்டிக்கொண்டிருந்தனர்.

ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர் எல்லாரும் கவலையற்று வாழ்ந்தனரா? பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடல் கடந்த பின் பெரிய வீட்டில் முதியவர்கள் தனித்திருந்தனர். பாரிஸின் புறநகர் ஒன்றில் குளிர்காலத்தில் சன்னலருகே அமர்ந்து, வில்லியனூர்த் தேரையும் மாதா திருவிழாவையும் எண்ணிக்கொண்டவர்களும் உண்டு. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அக்கரையில் நின்றவருக்கு இக்கரை பச்சையாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வருத்தம் எப்படிப் பிறக்கிறது என்று இங்கே கவனியுங்கள். நாம் நடந்த பாதையின் முட்கள் நமக்குத் தெரியும். நடக்காத பாதையின் மலர்களை மட்டுமே கற்பனை செய்கிறோம். 1963இல் முடிவெடுத்த தகப்பனின் கையில் 1963ஆம் ஆண்டின் விளக்கு மட்டுமே இருந்தது. பேரனோ, பிற்காலத்தின் வெளிச்சத்தை ஏந்திக்கொண்டு தாத்தாவைக் குற்றம் சாட்டுகிறான். அன்றைய அறிவுக்கும் அன்றைய அன்புக்கும் உகந்ததாக இருந்த முடிவு, பின்னாளில் இலாபம் தரவில்லை என்பதால் தவறாகிவிடாது.

ஆய்வாளர் கண்டவை

நம் மண்ணின் பட்டறிவை, உளவியலாளர் தம் வழியில் அளந்திருக்கிறார்கள்.

சீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் சுவை பார்ப்பதற்காகப் பழ ஜாம் வகைகளை வைத்தார்கள். ஒரு வேளையில் 24 வகை, மற்றொரு வேளையில் 6 வகை. 24 வகை இருந்தபோது அவ்வழி சென்றவர்களில் நூற்றுக்கு 60 பேர் நின்று பார்த்தனர். 6 வகை இருந்தபோது 40 பேர். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர் எத்தனை? 24 வகை இருந்தபோது நூற்றுக்கு 3 பேர். 6 வகை இருந்தபோது நூற்றுக்கு 30 பேர். மிகுதி கண்ணை ஈர்த்தது, கையைக் கட்டிப்போட்டது. 2004இல் பாரி சுவார்ட்சு என்ற அமெரிக்கப் பேராசிரியர், தெரிவுகளின் மிகுதி மகிழ்ச்சியைக் குறைக்கிறது என்ற கருத்தை ஒரு நூலாகவே எழுதினார்.

எனினும் ஒரு சோதனையை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்துவிடக் கூடாது. இத்தகைய ஐம்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி கண்டபோது, மிகுதியின் தீமை ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. சில இடங்களில் மிகுதி தீங்கு செய்தது. சில இடங்களில் நன்மையே செய்தது. 2015இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, எப்போது தீங்கு நேர்கிறது என்பதைத் தெளிவாக்கியது. வாய்ப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது கடினமாக இருக்கும்போது, முடிவெடுக்கும் பணியே நெருக்கடியானதாக இருக்கும்போது, எல்லாவற்றிற்கும் மேலாகத் தனக்கு வேண்டியது எது என்று தெரியாமல் ஒருவன் நிற்கும்போது, மிகுதி அவனை மூழ்கடிக்கிறது. தனக்கு வேண்டியதை அறிந்தவனுக்குப் பெரிய சந்தையும் சுமையல்ல.

இவற்றைவிட நம் வரலாற்றுக்கு நெருங்கிய சோதனை ஒன்று உண்டு. டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் ஆகியோர் 2002இல் வெளியிட்டது அது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நிழற்படக்கலை பயின்ற மாணவர்கள் தாம் எடுத்த படங்களில் சிறந்த இரண்டை உருவாக்கி, ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு சாராரிடம், "சில நாள்களுக்குள் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்" என்றனர். மற்றவர்களிடம், "இதுவே முடிவு" என்றனர். நாள்கள் சென்றபின், மாற்ற முடியாதவர்களே தம் படத்தை அதிகமாக விரும்பினர். மாற்ற முடிந்தவர்களின் உள்ளம் இரண்டு படங்களுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. வியப்பு என்னவென்றால், முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதியைத்தான் விரும்பினர். நம்மை வருத்துவது எதுவோ அதையே நாம் சலுகை என்று கேட்டு வாங்குகிறோம்.

ஆறு மாதக் கெடு நம் முன்னோரை அச்சுறுத்தியது உண்மை. ஆனால் கெடு முடிந்ததும், முடிந்தது என்பதை ஏற்றுக்கொண்டவர் வாழத் தொடங்கினார். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவருக்கோ 1963 முடியவே இல்லை.

வறுமையைப் புகழ்வதா?

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. "தெரிவே இல்லாத பழங்காலம்தான் இன்பமானது" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அதைச் சொல்பவர் பெரும்பாலும் அக்காலத்தில் மேல்திண்ணையில் அமர்ந்திருந்தவர்களின் வழிவந்தோராக இருப்பர். யாரை மணப்பது என்று கேட்கப்படாத பெண்ணுக்கு அக்காலம் இன்பமா? செருப்பணிந்து தெருவில் நடக்க முடியாதவருக்கு இன்பமா? பொன்னுத்தம்பி லாபோர்த் திறந்த கதவு தேவையற்றதா? தெரிவு இல்லாமை ஒரு சிறை. ஆனால் சிறையிலிருந்து வெளிவந்தவன் நாற்சந்தியிலேயே வாழ்நாள் முழுதும் நின்றுவிட்டால், அவன் பெற்ற விடுதலையால் யாருக்கு என்ன பயன்? நடப்பதற்காகவே வழிகள் திறக்கின்றன.

எனவே, எத்தனை கதவுகள் என்பதைவிட மூன்று கேள்விகள் முதன்மையானவை. கதவின் முன் நிற்குமுன் நமக்கு வேண்டியது எது என்று அறிந்திருக்கிறோமா? முடிவெடுக்க ஒரு நாள் குறித்திருக்கிறோமா? நுழைந்த பின் கதவைச் சாத்த நமக்கு மனம் வருகிறதா?

இம்மூன்றையும் பற்றி நாம் அறிந்த ஒரு துறவி நானூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் சொல்லி வருகிறார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் லொயோலா இஞ்ஞாசியார், தெரிவு செய்வதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். எந்த நோக்கத்துக்காக வாழ்கிறோம் என்பதை முதலில் கண்முன் வை என்கிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் உன்னிடம் வந்தால் என்ன அறிவுரை சொல்வாயோ, அதை நீயே கடைப்பிடி என்கிறார். சாகும் தறுவாயில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாயோ அதை இன்று எடு என்கிறார். திருமணம், குருத்துவம் போன்ற மாற்ற முடியாத தெரிவைச் செய்துவிட்டால் மீண்டும் தெரிவு செய்ய ஏதுமில்லை, அதில் நன்றாக வாழ்வதே கடமை என்கிறார். மனம் வறண்டு கலங்கிக் கிடக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்றும் எச்சரிக்கிறார். ஆய்வுக்கூடம் அண்மையில் கண்டுகொண்டதைத் தவச்சாலை முன்பே கண்டிருந்தது.

இவற்றோடு நம் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1963இல் தகப்பன் பிள்ளைகளுக்காக முடிவெடுத்தான். சட்டமே அப்படிச் சொன்னது. இன்று பல வீடுகளில் பழைய சட்டம் இல்லாமலேயே அது நடக்கிறது. வேறு சில வீடுகளில், "உன் இஷ்டம், பின்னால் எங்களைக் குறை சொல்லாதே" என்று பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் முழுச்சுமையும் ஏற்றப்படுகிறது. இரண்டும் அன்பல்ல. உடனிருந்து எண்ணுவது, பிள்ளை முடிவெடுத்தபின் அதன் பின்னால் நிற்பது, விளைவு எதுவாயினும் "அன்றே சொன்னேனே" என்ற சொல்லை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொள்வது: இவையே பெற்றோர் தரத்தக்க துணை.

மீண்டும் திண்ணைக்கு

ஆண்டுதோறும் ஆகசுட்டு 16ஆம் நாள் கீழூர் நினைவுச்சின்னத்தில் கொடி ஏற்றப்படுகிறது. நூற்று எழுபத்தெட்டுப் பேரின் வாக்கைப் பற்றி அங்கே பேசுவார்கள். அதே நாளில்தான், 1962இல், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அந்த ஆறு மாதக் கேள்வி வந்தது. அதற்கு நினைவுச்சின்னம் இல்லை. கையொப்பமிட்டவர், இடாதவர் இருவரும் பெரும்பாலும் மண்ணில் உறங்குகின்றனர். ஒரே கல்லறைத் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரராக இறந்தவரும் இந்தியராக இறந்தவரும் அருகருகே கிடக்கின்றனர். சிலுவைகளுக்கு நடுவே புல் ஒரே மாதிரிதான் முளைக்கிறது.

அவர்களில் நிறைவோடு கண்மூடியவர் யார்? சரியான கதவைத் தேர்ந்தவர் என்று சொல்ல நம்மால் முடியாது. எது சரியான கதவு என்று இன்றுவரை யாரும் சொல்லிவிடவில்லை. தாம் நுழைந்த வீட்டைத் தம் வீடாக ஏற்று, அதில் விளக்கேற்றி, அங்கு வந்தவரை வரவேற்று வாழ்ந்தவரே நிறைவு கண்டார் என்று மட்டும் துணிந்து கூறலாம்.

திருவாண்டார்கோயில் திண்ணையில் தாள்களோடு அமர்ந்திருக்கும் மகளே, மகனே! பட்டியல் நீளமானது என்று அஞ்ச வேண்டாம். உனக்கு வேண்டியதை முதலில் ஒரு வரியில் எழுது. அறிந்தவர் இருவரைக் கேள். இருபது பேரைக் கேட்காதே. முடிவுக்கு ஒரு நாள் குறி. அந்த நாள் வந்ததும் முடிவெடு. பிறகு தாள்களை மடித்து வைத்துவிட்டு, எழுந்து நட.